இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை: புரதம் எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

தும்பை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 79 வயது. பன்னிரண்டு நாள்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி (இடுப்பு மூட்டை ஒட்டிய இடம்) முறிந்துவிட்டது. மறுநாளே அறுவை செய்து பாதி மூட்டை மாற்றினார்கள். அதற்கடுத்த நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து அடி நடக்கவும் வைத்தார்கள். காயம் நன்றாக ஆறி வருகிறது. வீட்டுக்கு வந்து ஐந்து நாள்கள் ஆகின்றன.

இப்போது என்னை வாட்டுவது சாப்பாடுதான். விழுவதற்கு முன்பே அம்மா கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார். எடை 46 கிலோதான் இருந்தது. இப்போது எதைக் கொடுத்தாலும் நான்கு வாய்க்குப் பிறகு போதும் என்று கையமர்த்திவிடுகிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் "புரதம் நிறைந்த உணவு" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு, எந்த வடிவில், எத்தனை நாளைக்கு என்று கேட்க அன்றைய பரபரப்பில் எனக்குத் தோன்றவில்லை. பார்க்க வருகிற உறவினர்கள், படுத்திருப்பவருக்கு உடலுழைப்பு இல்லை, ஆகவே குறைவாகச் சாப்பிடுவதே நல்லது என்கிறார்கள். முறிந்தது எலும்புதானே, கால்சியம் மாத்திரை போதாதா என்று அண்ணன் கேட்கிறார். அம்மாவுக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதால் எதைக் கொடுக்கவும் எனக்கும் தயக்கமாக இருக்கிறது. போதாததற்கு, இரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் 2.8 என்று குறைவாக வந்ததைப் பார்த்ததிலிருந்து, நான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்ற உறுத்தலும் சேர்ந்துகொண்டது.

இதே நிலையைக் கடந்து வந்தவர்களும் துறை சார்ந்தவர்களும் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெடுவழி:

சகோதரி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்கு இதே முறிவு ஏற்பட்டது. அப்போது அவருக்கு 82 வயது. எண்களைத் துறை சார்ந்தவர்கள் சொல்வார்கள்; நான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

அவர் இருந்த வார்டில் சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். படுத்திருந்த நிலையில் அப்பாவின் கை அந்த மேசையை எட்டாது. அரை மணி நேரம் கழித்து வேறொருவர் வந்து தட்டை எடுத்துச் செல்வார். மாலையில் மட்டும் போய்க்கொண்டிருந்த எனக்கு இது நான்காம் நாள் மதியம்தான் தெரிந்தது. அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது: அறுவைக்குக் கொண்டுசெல்லும்போது கழற்றிய பல் செட்டும் மூக்குக்கண்ணாடியும் துணிப்பையின் அடியில் கிடந்தன. நான்கு நாள்களாக அவர் பல்லும் இல்லாமல், தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாமல் இருந்திருக்கிறார். சாப்பிட மறுக்கிறார் என்று நாங்கள் எல்லோருமே சொல்லிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அதன் பிறகு ஒரு குறிப்பேடு போட்டேன். அதில் கொடுத்ததை எழுதாமல், தட்டில் மிஞ்சியதைக் கழித்துவிட்டு உள்ளே போனதை மட்டும் எழுதினேன். மூன்று வேளை சாப்பிடுகிறார் என்று நாங்கள் நம்பியது, எழுதிப் பார்த்தபோது ஒரு வேளைக்குக்கூடக் காணவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குறிப்பேட்டை மூன்று மாதம் விடாமல் எழுதினோம்.

எங்களுக்குப் பயன்பட்டவை இவை: கட்டிலில் சாய்த்துக் கொடுக்காமல் நாற்காலியில் நேராக உட்காரவைத்துக் கொடுத்தது, வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாக வருமாறு மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டது, மூன்று வேளையை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து சாப்பிட்டது. ஊட்டிவிட்டபோது வாயை மூடிக்கொண்டவர், தன் கையால் எடுத்துச் சாப்பிட விட்டபோது மெதுவாக, ஆனால் கூடுதலாகவே சாப்பிட்டார்.

அளவுகோல்:

வணக்கம். நான் ஊட்டச்சத்து நிபுணராக மருத்துவமனை ஒன்றின் எலும்பு முறிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். நெடுவழி அவர்கள் சொன்ன குறிப்பேட்டை இன்றே தொடங்குங்கள். நான் எழுதப்போகும் எண்கள் அது இருந்தால்தான் உங்களுக்கு உதவும்.

முதலில் உறவினர்கள் சொல்வதைப் பார்ப்போம். படுத்திருப்பவருக்குத் தேவை குறைவு என்பது கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினாலும், அடிபட்டு அறுவையும் செய்துகொண்ட முதியவரின் உடலில் நடப்பது அதற்கு நேர்மாறானது. காயமும் அழற்சியும் தூண்டிவிடும் ஹார்மோன்கள் தசையைக் கரைத்து, அதிலிருந்து வரும் அமினோ அமிலங்களை (புரதத்தின் கூறுகளை)க் காயம் ஆற்றவும் நோய் எதிர்ப்புக்கும் திருப்பிவிடுகின்றன; அதே அழற்சிதான் பசியையும் அடக்குகிறது. இதோடு படுக்கையும் சேர்ந்துகொள்கிறது. நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. எந்தக் காயமும் இல்லாத அவர்களே அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள். உங்கள் அம்மாவின் 46 கிலோவில் அப்படி இழப்பதற்கு மிச்சமில்லை.

அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்குப் பாதி மூட்டு மாற்றியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முறிந்த தொடை எலும்பின் தலைப்பகுதியை எடுத்துவிட்டு உலோகப் பகுதியைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆணியோ தகடோ வைத்தவர்களைப் போல இரண்டு எலும்பு முனைகள் ஒட்டிச் சேர வேண்டும் என்று அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் மீண்டும் தானாக எழுந்து கழிப்பறைக்குப் போவாரா என்பதைப் பெரும்பாலும் தொடையிலும் பிட்டத்திலும் உள்ள தசைதான் முடிவு செய்யும், அந்தத் தசையைக் கால்சியம் மாத்திரை கட்டித் தராது. எலும்பேகூட வெறும் சுண்ணாம்பு அன்று. அதன் சட்டகம் கொலாஜன் என்ற புரதம். உணவில் கிடைப்பதையும் சேர்த்து நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் தேவைதான், ஆனால் அது மற்ற எலும்புகளைக் காப்பதற்கானது.

இனி அளவு. காயமோ நோயோ உள்ள முதியவர்களுக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும், ஏறக்குறைய 30 கலோரியும் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துக் கழகம் உள்ளிட்ட அமைப்புகள் வழிகாட்டும் அளவு. உங்கள் அம்மாவின் எடைக்கு அது 55 முதல் 69 கிராம் புரதம், ஏறக்குறைய 1400 கலோரி. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம், சமைத்த மீன் அல்லது கோழி இறைச்சி 100 கிராமில் 20 முதல் 25 கிராம், கெட்டியாக வேகவைத்த பருப்பு 100 கிராமில் 7 முதல் 9 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடலாம். நான்கு வாய்க்கு மேல் சாப்பிடாதவருக்கு அளவைக் கூட்ட முயன்றால் தோற்றுப்போவீர்கள். அந்த நான்கு வாயின் செறிவைக் கூட்டுங்கள். பாலில் கொழுப்பு நீக்கிய பால்பொடி 30 கிராம் கரைத்தால் அதே குவளையில் இன்னும் 10 கிராம் புரதம் ஏறிவிடும். எண்ணெயோ வெண்ணெயோ ஒரு கரண்டி சேர்த்தால் கலோரி ஏறும். நீர்த்த ஆகாரமும் தெளிந்த சூப்பும் வயிற்றை நிரப்பிப் பசியைக் கெடுப்பதோடு சரி. நோயாளிக்கு எளிதானது என்று அன்போடு கொடுக்கப்படுவதாலேயே அவற்றைப் பற்றி நான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

புரத பானம் தேவையா என்றால், உங்கள் அம்மாவின் நிலையில் தேவை என்பேன். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களுக்கு அறுவைக்குப் பின் ஊட்டச்சத்து பானம் கொடுக்க வேண்டும் என்று அந்த ஐரோப்பியக் கழகம் பரிந்துரைக்கிறது. அதன் வழிகாட்டலில், ஊட்டச்சத்துக் குறைந்த முதியவருக்கான பானத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும் இருக்க வேண்டும். ஒரு மாதமாவது தொடர வேண்டும். சாப்பாட்டுக்கு மாற்றாக அல்லாமல் இரு வேளைகளுக்கு இடையில் கொடுங்கள். டப்பாவின் முன்பக்கத்தை நம்பாமல், ஒரு வேளை அளவில் எத்தனை கிராம் புரதம் என்று பின்பக்கத்தில் பாருங்கள். சிலவற்றில் புரதத்தைவிடச் சர்க்கரையே மிகுதி.

இதன் பலனைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்ல விரும்புகிறேன். 41 ஆய்வுகளையும் 3881 பேரையும் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வு, வாய்வழி ஊட்டச்சத்து பானங்கள் சிக்கல்களைக் குறைக்கக்கூடும், ஆனால் இறப்பைக் குறைப்பதாகத் தெளிவாகக் காட்டவில்லை, சான்றுகளின் தரமும் குறைவு என்றது. 1990இல் ஜெனீவாவில் 59 பேரிடம் செய்த சிறிய ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 கலோரியும் 20 கிராம் புரதமும் கூடுதலாகக் கொடுத்ததற்கே சிக்கல்கள் குறைந்தன. என் வேலையை நான் பார்க்கும் விதத்தையே மாற்றியது பிரிட்டனின் கார்டிஃப் நகரில் செய்து 2006இல் வெளிவந்த ஆய்வு. அங்கே இடுப்பு எலும்பு முறிந்த முதிய பெண்களில் ஒரு பிரிவினருக்குச் சாப்பிட உதவுவதற்கென்றே பயிற்சி பெற்ற உதவியாளர்களை அமர்த்தினார்கள். அவர்களின் வேலை பெரிதாக ஒன்றுமில்லை: பிடித்ததைக் கேட்டு வாங்கித் தருவது, உறையைப் பிரித்துக் கொடுப்பது, நிமிர்த்தி உட்காரவைப்பது, பக்கத்தில் இருந்து ஊக்குவிப்பது. அந்தப் பிரிவினர் நாளொன்றுக்கு 1105 கலோரி சாப்பிட்டார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 756. வார்டில் இறந்தவர்கள் முறையே 4.1 விழுக்காடு, 10.1 விழுக்காடு, நான்கு மாத முடிவில் 13.1, 22.9. ஒரே ஓர் ஆய்வுதான், வேறு இடங்களில் இதே அளவு வேறுபாடு கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் உதவி பெற்றவர்கள்கூட 1105 கலோரிதான் சாப்பிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். முழு இலக்கை எட்டாவிட்டாலும், பக்கத்தில் ஒருவர் இருந்ததால் கூடிய அந்த 350 கலோரிக்கு மதிப்பு உண்டு.

சர்க்கரை நோய்க்காக உணவைக் குறைக்காதீர்கள். இந்த வயதில், இந்தக் காலத்தில் பத்தியம் எடையைக் கரைக்கும். இனிப்பு பானங்களைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். சர்க்கரை ஏறினால் மருந்தின் அளவை மருத்துவர் மாற்றட்டும்.

தும்பை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாள்கள் குறிப்பேடு எழுதிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். புரதம் 31, 36, 34 கிராம். கலோரி 700 முதல் 800 வரை. எழுதாமல் இருந்திருந்தால் 50 கிராமாவது போகிறது என்றே நம்பியிருப்பேன்.

எழுதும்போது இன்னும் சில கண்ணில் பட்டன. நான்கு நாள்களாக அம்மாவுக்கு மலம் கழியவில்லை. தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி இருமுகிறார். அதனால்தானோ என்னவோ தண்ணீரையே தள்ளிவிடுகிறார். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் சற்று உயர்ந்திருப்பதாகவும் அறிக்கையில் இருக்கிறது. இந்த நிலையில் புரதத்தைக் கூட்டலாமா?

மாலைவெயில்:

முதியோர் மருத்துவத்தில் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காமல் சொல்வதால், இவற்றை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இருமலைத் தள்ளிப்போடாதீர்கள், நாளைக்கே காட்டுங்கள். குடிக்கும்போது இருமுவது, நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். இந்த அறுவைக்குப் பின் முதியவர்களின் உயிருக்கு ஊறு விளைவிப்பவற்றில் நிமோனியா முக்கியமானது. விழுங்குதலைச் சோதிக்கப் பயிற்சி பெற்றவர்கள் பார்த்து, எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று சொல்வார்கள். அதுவரை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில், விழித்துத் தெளிவாக இருக்கும்போது மட்டும், சிறு மிடறுகளாகக் கொடுங்கள்; சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்க வேண்டாம்.

மலச்சிக்கலே பசியைக் கொல்லும். ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற) வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தால் இது ஏறக்குறைய எதிர்பார்க்க வேண்டியதே. ஆகவே மலமிளக்கி எழுதித் தருமாறு கேளுங்கள். தண்ணீர் குடிக்காதவருக்கு நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் நிலைமை மோசமாகும். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ நீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லாத வரை, ஒரு முதிய பெண் பானங்களாக நாளொன்றுக்கு 1.6 லிட்டராவது அருந்த வேண்டும்.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, கிரியேட்டினின் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) எவ்வளவு என்று கேளுங்கள். அது 30க்குக் கீழே இருந்தால் புரத அளவைச் சிறுநீரக மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நீர் வற்றியதால் ஏற்பட்ட தற்காலிக உயர்வாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமலே பயந்து புரதத்தைக் குறைத்து, அதனால் எழ முடியாமல் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆல்புமினுக்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அடிபட்டு அறுவை நடந்த உடலில் அழற்சியால் ஆல்புமின் இறங்கும். நன்றாகச் சாப்பிட்டவருக்கும் இறங்கும். அது நோயின் கடுமையைத்தான் காட்டும்; அது சாப்பாட்டின் அளவுகோல் என்ற பழைய கருத்து கைவிடப்பட்டுவிட்டது. வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பாருங்கள். கால் வீக்கம் இருந்தால் எடை ஏமாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஐந்து நாள்களுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாத ஒருவருக்குத் திடீரென்று முழு அளவில் ஊட்டினால் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். உங்கள் அம்மா அந்த நிலையில் இல்லை. எனினும் ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்றுவதே நல்லது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே இடுப்பு எலும்பு முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று பொருள். டிஸ்சார்ஜ் சீட்டில் அதற்கான மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். பல சீட்டுகளில் இருப்பதில்லை. 2127 பேரை வைத்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அறுவையிலிருந்து 90 நாள்களுக்குள் தொடங்கி ஆண்டுக்கொருமுறை எலும்பு மெலிவுக்கான சோலெட்ரானிக் அமில ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் புதிய முறிவுகள் 35 விழுக்காடும் இறப்பு 28 விழுக்காடும் குறைந்தன. சிறுநீரகச் செயல்பாட்டையும் வைட்டமின் டி அளவையும் பார்த்த பின்பே அதைப் போட முடியும். வைட்டமின் டி நாளொன்றுக்கு 800 முதல் 1000 யூனிட் என்பது வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய ஆய்வில் முதிய பெண்கள் கூடுதலாக விழுந்தார்கள், கூடுதலாக எலும்பும் முறிந்தது. ஆகவே ஒரே மூச்சில் பெரிய அளவு வேண்டாம்.

நடைபயில்:

இயன்முறை மருத்துவராக ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் இரண்டு தனி வேலைகளாக வைத்துக்கொள்ளாதீர்கள். வயதான தசை புரதத்தைப் பயன்படுத்திக்கொள்ள இரண்டு நிபந்தனைகள் உண்டு: ஒரு வேளையில் போதிய அளவு வர வேண்டும், அந்தத் தசை வேலையும் செய்திருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் எடைக்கு, நாள் முழுவதும் சிதறாமல் மூன்று வேளைகளிலாவது 18 முதல் 20 கிராம் வருமாறு பாருங்கள். அறுவை மருத்துவர் தடை ஏதும் சொல்லவில்லை என்றால், கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து நின்று உட்காரும் பயிற்சியை ஒருவர் துணையோடு ஐந்து முறை செய்யவைத்து, உடனே அந்தச் செறிவூட்டிய பாலைக் கொடுங்கள். வெறும் வயிற்றில் நீண்ட பயிற்சி வேண்டாம். சோர்ந்துபோய் மறுநாள் மறுத்துவிடுவார்கள்.

தும்பை:

பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். இருமலுக்கு மறுநாளே காட்டினோம். நுரையீரலில் ஒன்றுமில்லை, நீரை மட்டும் சற்றுக் கெட்டிப்படுத்திக் கொடுக்கச் சொன்னார்கள், இப்போது அம்மா நீரைத் தள்ளுவதில்லை. மலமிளக்கி தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து பசி கொஞ்சம் திரும்பியது. இ.ஜி.எஃப்.ஆர் 52 என்பதால் புரதத்துக்குத் தடையில்லை என்றார் மருத்துவர். எலும்பு மெலிவுக்கான மருந்து சீட்டில் இல்லைதான். கேட்ட பிறகு வைட்டமின் டி பரிசோதனைக்கு எழுதித் தந்திருக்கிறார், ஊசியைப் பற்றி அடுத்த வாரம் முடிவு செய்வோம்.

நேற்றைய குறிப்பேட்டில் புரதம் 53 கிராம், கலோரி 1150. எடை 44.8 கிலோ, சென்ற வாரமும் அதுவேதான், இறங்கவில்லை. மதியம் அண்ணன் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், மிஞ்சியதை அவரே எழுதுகிறார். ஐந்து முறை எழுந்து உட்காருவது இப்போது எட்டு முறை ஆகியிருக்கிறது. இன்னும் ஒரு கை நாற்காலியைப் பிடித்தபடிதான்.